தார்ப்பாய் விலகிய கிரில் அடுப்பு

கே.கே. நகரில் நானும் முருகேசனும் அடுத்தடுத்து கிரில் சிக்கன் கடை போட்டிருக்கிறோம். அவன் அடுப்பு கருகருவென்று பளபளக்கும், என்னுடையது துருப்பிடித்திருக்கும். கூட்டம் அங்கேதான் போகும். எனக்கு வயிறு எரியும். துருப்பிடிக்காமல் எப்படி வைத்திருக்கிறான் என்று கேட்கவும் கூச்சம்.

ஒருநாள் கடையை மூடிவிட்டு அவன் தன் ஊரான ஜீயபுரத்துக்குக் கிளம்பிய பிறகு மழை பிடித்தது. அவன் அடுப்பை மூடியிருந்த தார்ப்பாய் காற்றில் விலகியது. துருப்பிடிக்கட்டும் என்று பார்க்காததுபோல் வந்துவிட்டேன்.

மறுநாள் போனால், தன் அடுப்பைச் சரிசெய்துவிட்டு, என் அடுப்பை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"சாம்பலை அள்ளாமலே மூடிடுறீங்கண்ணே. ஈரச் சாம்பல் இரும்பைத் தின்னுடும். தேய்ச்சு, எண்ணெய் தடவி, சூடு காட்டுங்க. என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

தார்ப்பாய் விலகியதைப் பார்த்தேன் என்று சொல்லாமல், உப்புத்தாளை வாங்கி நானே தேய்க்க ஆரம்பித்தேன்.

இப்போது தினமும் அவன் தார்ப்பாய்க் கயிற்றையும் நானே இழுத்துக் கட்டுகிறேன். அவன் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.