கால் எடுத்தால் வெடிக்கும் கார்

என் மகனின் கார் ஏன் வெடிக்கிறது என்று புரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதற்குள் கீழ்வீட்டுப் பெண் வேறு வீடு பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

டெல்லி துவாரகாவில் எங்கள் வீடு இரண்டாம் மாடியில். விமான நிலையத்தில் வேலை பார்க்கும் மகனும், பணி ஓய்வு பெற்ற நானும் மட்டுமே அதில் இருக்கிறோம். எங்களுக்கு நேர் கீழே நாகர்கோவில் பக்கத்துச் செவிலியர் ஒருத்தி தனியாகக் குடியிருந்தாள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அவளுக்குத் தொடர்ந்து இரவுப் பணி. காலையில் திரும்பிக் குளித்து, ஏதோ சாப்பிட்டு, பதினொரு மணிக்குத் திரைகளை இழுத்துவிட்டுப் படுப்பாள். மாலை ஐந்து வரை அதுதான் அவளுடைய இரவு. அந்த இரவின் நட்டநடுவில், பிற்பகல் இரண்டரை மணிக்கு, அதிகாலைப் பணி முடித்து என் மகன் காரில் வந்து சேருவான்.

டர்போ பொருத்திய சிறிய கார் அது. முதல் ஓராண்டு அது வருவதும் போவதும் யாருக்கும் தெரியாது. பிறகு ஒரு வார விடுமுறை நாளில் அதை ஏதோ பட்டறையில் விட்டு மாலையில் எடுத்துவந்தான். பழுது பார்த்திருக்கிறான் என்று நினைத்தேன். மறுநாள் முதல் வாயிலருகே படபடவென்று சத்தம். முடிவில் ஒரு பெரிய வெடி. எதிரெதிரே நிற்கும் இரண்டு அடுக்ககங்களுக்கு நடுவே அது மோதித் திரும்பும். தடை செய்த பட்டாசை யார் வெடிப்பது என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் விசாரணை நடந்தது. அது மகனின் கார் என்று எனக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. தெரிந்தும் குழுவில் வாய் திறக்கவில்லை.

ஒரு மாலை அவள் மேலே வந்தாள். தேநீர் வேண்டாம் என்றாள்.

"அக்கா, தப்பா நெனைக்கப்பிடாது. தம்பி வண்டிதானே அது?"

"ஆமாம்மா. இன்னிக்குச் சொல்றேன் அவன்கிட்ட."

"நேத்து ராத்திரி ஒரு பெட்டுக்கு உள்ள ஊசிய அடுத்த பெட்டுக்குக் கொண்டு போயிட்டேன். கூட நின்ன பிள்ளை கையப் பிடிச்சா. இல்லேன்னா போட்டிருப்பேன். ஒறக்கம் இல்லாம முடியல்ல அக்கா. ஜனக்புரில ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன். மாசக் கடைசில போயிரலாம்னு இருக்கு."

ஜனக்புரியிலிருந்து அவள் மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். குடியிருப்புச் சங்கத்தில் ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால் என் மகனின் காரை அவர்கள் உள்ளே விட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இத்தனை தூரம் வந்த இடத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றின் மீது எழுத்தில் புகார் கொடுக்க அவளால் இயலவில்லை. வீட்டைக் காலி செய்வது அவளுக்கு அதைவிட எளிதாக இருந்தது.

அன்றே மகனிடம் சொன்னேன்.

"கேட் கிட்ட வரும்போதாவது மெதுவா வாப்பா."

"அச்சா, பக்கா. ஸ்லோவா வரேன்."

மறுநாள் வெடி முன்னிலும் பலமாகக் கேட்டது. அதற்கு மறுநாளும் அப்படியே.

"மெதுவாதான் வந்தேன்மா. கசம் சே, சத்தியமா."

"அப்போ அந்தச் சத்தம் எங்கேருந்து வருது? ஆகாசத்துலேருந்தா?"

"உள்ள எனக்கு அவ்வளவு கேக்கல. நீ ஓவரா சொல்ற."

நான் நம்பவில்லை. முப்பது வயதில் அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டேன். அதன்பின் சில நாட்கள் எங்கள் வீட்டில் தட்டும் கரண்டியும் மட்டுமே பேசின. ஒவ்வொரு பிற்பகலும் இரண்டு மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வெடித்து முடிந்ததும், கீழே திரை விலகும் ஓசைக்காகக் காத்திருப்பேன். திரை விலகும்.

அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் நான். விளங்காத ஒன்றைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிடுவது அந்த வேலை தந்த பழக்கம். கார் பித்தர்கள் இணையத்தில் எழுதி வைத்திருப்பதையெல்லாம் படித்தேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சாதாரண காரின் கணினி எரிபொருளை நிறுத்திவிடும். இவனுடையது போல் பட்டறையில் மாற்றியமைத்த காரில் கணினிக்கு வேறு கட்டளை தரப்படுகிறது. காலை எடுத்த பிறகும் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். அதைப் பற்றவைக்கும் பொறியையும் தாமதித்துத்தான் மூட்ட வேண்டும். எஞ்சினுக்குள் எரிந்து முடிய வேண்டியது, முடியாமலே வெளியேறுகிறது. கொதிக்கும் டர்போவைக் கடந்து, புகையை வடிகட்டும் கன்வெர்ட்டரும் கழற்றப்பட்ட வெறுங்குழாயில் காற்றைச் சந்தித்துத் தீப்பிடிக்கிறது. அதுதான் வெடி. பழுது பார்த்ததென்று நான் எண்ணியதைப் பிள்ளைகள் கேட்டு வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள்.

காலை எடுத்த பிறகு என்ற சொற்களை இரண்டு முறை படித்தேன்.

அடுத்த நாள் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு, மெட்ரோ நிலையத்தில் அவனுக்காகக் காத்திருந்து காரில் ஏறிக்கொண்டேன். பெரிய சாலையில் சீறிக்கொண்டு போன கார் ஒரு முறைகூட வெடிக்கவில்லை. எங்கள் வாயில் தெரிந்தது. அதன் முன்னே வேகத்தடை. அவன் காலை எடுத்தான், மிகவும் கவனமாக, எனக்குக் காட்டுவது போல. அந்தக் கணமே பின்னால் படபடத்தது. மூடிய கண்ணாடிக்குள் அது சோளப்பொரி பொரிவதைப் போலத்தான் கேட்டது. முதல் மாடியில் திரை விலகியது.

"பாத்தியா? ஸ்லோவாதானே வந்தேன்?" என்றான்.

"ஆமா. அதனாலதான் வெடிச்சது. நான் சொன்னதுதான் தப்பு. நீ பொய் சொல்றதா சொன்னதும் தப்பு."

வண்டியை நிறுத்தியபின் நான் படித்ததைச் சொன்னேன். காலை எடுத்தால் சத்தம் வரும் என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் அதை அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஓட்டும் அகன்ற சாலையின் விஷயமாகவே எண்ணியிருந்தான். வாயிலில் கேட்கும் பொரியை அவன் பொருட்படுத்தியதே இல்லை. கீழ்வீட்டுப் பெண் ஊசி மாற்றி எடுத்ததையும் அப்போதுதான் சொன்னேன். அவளை இதில் இழுக்க வேண்டாமென்று அதுவரை மறைத்திருந்தேன். அதுவும் என் பிழைதான்.

"அதை எடுத்துட்டா வண்டில என்னமா இருக்கு?" என்று மட்டும் கேட்டான்.

நான்கு நாட்கள் காரை வெளிச் சாலையில் விட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்தான். ஐந்தாம் நாள் விடுமுறை. மாலையில் காரை உள்ளேயே ஓட்டி வந்தான், எனக்குக் கேட்கவில்லை.

"வண்டிக் கம்ப்யூட்டரோட பழைய ஃபைல் பட்டறைக்காரன்கிட்ட இருந்துச்சு. அரை மணி நேர வேலை. 'மம்மி கா ஆர்டர்?'னு சிரிச்சான்."

"நீ என்ன சொன்னே?"

"ஹான், ஆமான்னு சொன்னேன்."

கழற்றிய கன்வெர்ட்டரைத் திரும்பப் போட இன்னொரு நாள் போக வேண்டும் என்றான். பிறகு தானாகவே கீழே இறங்கிப் போனான். நான் படியில் நின்றேன்.

"அக்கா, சாரி. அம்மா ஸ்லோவா வான்னு சொன்னாங்க, நான் கால் எடுத்தேன், அதான் வெடிச்சது. இப்ப மாத்திட்டேன்."

"அப்பம் நீ மரியாதையா வந்ததுனாலதான் நான் முழிச்சுக் கெடந்தேனா? நல்லா இருக்கு மக்கா." அவள் குரலில் சிரிப்பு இருந்தது, களைப்பு அதைவிட அதிகமாக இருந்தது. "ஒரு வாரம் பாக்கேன். பொறவு ஜனக்புரி வீட்டுக்காரர்ட்ட வாறேனா இல்லியான்னு சொல்லுதேன்."

அந்த வாரத்தின் ஆறாம் நாள் மாலை ஐந்து மணிக்குக் கீழே அலாரம் அடித்தது. கார் வெடிக்கத் தொடங்கியதிலிருந்து அப்படியொரு ஒலி அந்த வீட்டிலிருந்து எனக்குக் கேட்டதே இல்லை. அதுவரை அது அடிப்பதற்கு முன்பே அவள் விழித்துவிடுவாள். அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. யாரும் அதை நிறுத்தவில்லை.

மகன் தேநீர்க் கோப்பையோடு என்னைப் பார்த்தான்.

"போய் எழுப்பவாமா? டியூட்டிக்கு லேட் ஆயிடும்."

"டியூட்டி எட்டு மணிக்குத்தான். கொஞ்ச நேரம் தூங்கட்டும்."

மூன்றாம் முறையும் அடித்தது. அவன் கோப்பையைச் சத்தம் எழாமல் மேசையில் வைத்தான்.