மர்ஷூதாவிடம் கேட்காத கேள்வி

கல்முனைக்குடியில் போய் ஜெமீலின் மகள் மர்ஷூதாவின் வீடு எது என்று கேட்டால் நாலு திசையைக் காட்டுவார்கள். கூரையில்லாத வீட்டுக்காரி என்று கேட்டால் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடுவார்கள். இந்தக் கரையில் பெண் பிள்ளை பிறந்த அன்றே தகப்பனுக்குக் கனவில் கல்லும் மணலும் வரத் தொடங்கிவிடும். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். ஜெமீலும் தன் வளவின் கடற்பக்கத்தில் மகளுக்கு ஒரு வீட்டை எழுப்பிக்கொண்டிருந்தார். சுவர் ஜன்னலுக்கு மேலே ஏறிய நேரம் மகள் வந்து முன்னால் நின்றாள். பல் வைத்தியம் படிக்க வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை குறைந்துவிட்டது. வெளிநாட்டுக் கல்லூரி ஒன்று கொழும்பில் நேர்முகம் வைத்து ஆள் எடுக்கிறது. வீட்டுக்குப் போகிற காசைப் படிப்புக்குத் திருப்பிவிட முடியுமா?

ஜெமீல் ஒரு கிழமை மகளோடு பேசவில்லை. அடுத்த கிழமை மேசனிடம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஊருக்குக் கதை கிடைத்தது. "வீட்டக் குடுத்துப் பல்லு வாங்கப் போறாளாம் கா" என்று தையல் கடையில் யாரோ சொன்னது, சாய்ந்தமருதைத் தாண்டும்போது ஜெமீல் வயலையும் விற்றுவிட்டார் என்று ஆனது. சம்மாந்துறைக்குப் போய்ச் சேர்ந்த நேரம் அந்த மனிதர் தன் வாயிலுள்ள பல்லையே ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சந்தையில் வைத்திருந்தார்.

மர்ஷூதாவுக்கு அந்தக் கூரையில்லாத வீடு பிடித்திருந்தது. ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய் நடு அறையில் போட்டுக்கொண்டு அங்கேதான் படிப்பாள். கேள்வி கேட்க யாருமில்லாததால் கேள்வியும் அவளே, பதிலும் அவளே. "நீங்கள் ஏன் பல் வைத்தியராக விரும்புகிறீர்கள்?" என்று ஒரு சுவரைப் பார்த்துக் கேட்டுவிட்டு, மற்றச் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வாள். ஆங்கிலத்தில்தான். மதிலில் இருந்த காகங்களுக்குக்கூட அந்தக் கேள்வியும் பதிலும் பாடமாகியிருக்கும்.

பதில் அவளுடைய உம்மாவைப் பற்றியது. ஹாஜறாவுக்குப் பல் வலி வந்தால் கன்னம் பலாக்கொட்டை போல வீங்கும். உப்புத் தண்ணீர், கராம்பு, கடைசியில் துஆ. அந்நிய ஆம்பிளை முன்னால் வாயைத் திறக்க மாட்டேன் என்று ஒரு பிடி. டவுனில் இருந்த பல் டொக்டர்மார் எல்லாம் ஆம்பிளைகள். வலித்த பல்லெல்லாம் தானாக ஆடி, தானாக விழும்வரை பொறுத்துக்கொண்டாள். நாற்பத்தைந்து வயதுக்குள் வாயில் பாதி காலி. சிரிப்பு வந்தால் முக்காட்டை இழுத்து வாயை மூடிக்கொள்வாள். இந்த ஊரில் இப்படி எத்தனை வாய்கள் மூடிக் கிடக்கின்றன, அவர்கள் வந்து திறக்கிற இடத்தில் நான் இருக்க வேண்டும். அதுதான் மர்ஷூதாவின் பதில்.

நேர்முகத்துக்குப் போவதற்கு முதல்நாள் ஹாஜறா மகளைப் பக்கத்தில் இருத்திப் புத்தி சொன்னாள். அவளுக்குத் தெரிந்த நேர்முகம் ஒன்றுதான்: பெண் பார்க்க வருவது. சம்மாந்துறையில் இருந்து வந்த பெண்கள் போன வருடம் மர்ஷூதாவை நடக்க வைத்து, கதைக்க வைத்து, கையில் ஒரு முறுக்கைக் கொடுத்துக் கடிக்க வைத்து, பல்லைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"பெரிய மனிசர் என்ன சொன்னாலும் மறுத்துக் கதைக்காத மகள். சிரிக்கச் சொன்னாச் சிரி. கலியாணப் பேச்சு வந்தா வாப்பா சொல்ற மாதிரி எண்டு சொல்லு."

"உம்மா, இது பொண்ணு பாக்கிறதில்ல."

"எல்லாம் ஒண்டுதான் போ."

கொழும்பில் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் நேர்முகம். ஜெமீலைக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். மேலே வரிசையில் அவளுக்குப் பின்னால் பாண்டிருப்பில் இருந்து வந்த சுஜித்தா இருந்தாள். ஊரில் ஒன்றரைக் கட்டை தூரத்தில் இருந்தும் ஒருவரையொருவர் கண்டதில்லை. கொழும்புக்கு வந்துதான் இரண்டு பேரும் அறிமுகமானார்கள்.

உள்ளே மூன்று கதிரைகள். ஒன்றில் கல்லூரி சார்பில் வந்த டொக்டர். அடுத்ததில் கோப்புகளோடு ஒரு பெண். மூன்றாவதில் டொக்டரின் கோட் உட்கார்ந்திருந்தது. டொக்டர் பற்றீஸ் தின்றுகொண்டிருந்தார். தூள் அவளுடைய சான்றிதழில் விழுந்தது. அவள் சலாம் சொல்லவா குட்மோர்னிங் சொல்லவா என்று நினைப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. காருக்கு அடித்த பெயின்ற் சரியில்லையாம். அவர் யாரையோ ஏசி முடிக்கும்வரை அவள் நின்றாள்.

பிறகு ஆங்கிலத்தில் கேட்டார். "கல்முனையா? எருமைத் தயிர் வருகிற பக்கமா?"

"அந்தப் பக்கமும் இருக்கு, சேர்."

"உன் ஆங்கிலத்திலும் தயிர் மணக்கிறது." பக்கத்துப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். அவள் கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டாள். "முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறதே. எங்கே, பல்லைக் காட்டு பார்ப்போம்."

மர்ஷூதா காட்டினாள்.

ஏன் காட்டினாள் என்று பிறகு எத்தனையோ தரம் தன்னைத்தானே கேட்டாள். அந்தக் கணத்தில் அவள் கொழும்பில் இருக்கவில்லை. சம்மாந்துறைப் பெண்கள் முன்னால் முறுக்கோடு இருந்தாள். சொன்னார்கள், செய்தாள். டொக்டர் கதிரையில் இருந்தபடியே எட்டிப் பார்த்து, "இந்த வாயோடு பல் வைத்தியரா? நோயாளி எழும்பி ஓடிவிடுவான்" என்றார். "சரி, கலியாணம் எப்போது? உங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இடம் கொடுத்தால் அது வீணாய்ப் போகிற இடம்."

"வாப்பா சொல்ற மாதிரி, சேர்." வாயைவிட்டுப் போனபிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கியது.

"அப்படியென்றால் வாப்பாவைத்தானே நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். போகலாம்."

காகங்களுக்குப் பாடமான கேள்வியை அவர் கேட்கவேயில்லை.

கீழே ஜெமீல் எழும்பி வந்தார். "எப்பிடி மகள்?"

"நல்லம் வாப்பா."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஜெமீல் பஸ்ஸில் இருந்தே ஊருக்குப் போன் எடுத்தார். அவர் சொன்னதும் 'நல்லம்' மட்டும்தான். ஆனால் பஸ் கல்முனையைத் தொடும்போது, பெரிய டொக்டர் கதிரையை விட்டு எழும்பி நின்று மர்ஷூதாவுக்கு மரியாதை செய்திருந்தார். மறுநாள் லுஹர் தொழுகைக்குள் அவர் கண்ணீர் விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை, இவளைப் போல ஒரு பிள்ளையைத் தன் சேவையில் கண்டதில்லை என்று அவர் சொன்னதைத் தன் காதால் கேட்ட மாமி ஒருத்தியும் இருந்தாள். அந்த மாமி அக்கரைப்பற்றுக்கு அப்பால் போனதே கிடையாது.

"மறுகா என்னத்தக் கேட்டாரு?" என்றாள் ஹாஜறா.

"எல்லாம் கேட்டாரு உம்மா."

வேறு எவரிடமும் பொய் சொல்வது கஷ்டமாயிருக்கவில்லை. ஆனால் உயிர் போகிற வலியிலும் வாயைத் திறக்காத உம்மாவிடம், ஒரு வலியும் இல்லாமல், ஓர் ஆம்பிளை சொன்னதும் திறந்து காட்டினேன் என்று எப்படிச் சொல்வது? வீடு நிறைய ஆட்கள் வந்து போனார்கள். மர்ஷூதா எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள். பின்பு கூரையில்லாத வீட்டில் போய், வாயை இறுக மூடிக்கொண்டு இருந்தாள்.

சுஜித்தாவுக்குப் போன் எடுத்தாள்.

"உன்னட்டயும் பல்லக் காட்டச் சொன்னவரா?"

"என்னைத் திரும்பி நிண்டு காட்டச் சொன்னவர்" என்றாள் சுஜித்தா. "நீ கல்லூரிக்கு எழுதப் போறியா?"

"எழுதத்தான் வேணும் போல இரிக்கி."

"எழுது. என்ர பேர இழுத்துப்போடாத, என்ன? எனக்கு அந்த இடம் வேணும்."

மர்ஷூதாவுக்கும் அந்த இடம் வேண்டும்தான். முடிவு இன்னும் வரவில்லை. எழுதினால் இடம் போகலாம். போனால், நின்ற வீடும் இல்லை, நினைத்த படிப்பும் இல்லை. ஊரில் அவள் தலையைக் காட்ட முடியாது. இருந்தும் நடந்ததை நடந்தபடி போனில் தட்டினாள்: பற்றீஸ், கார், தயிர், பல், கலியாணம். தான் சொன்ன பதிலையும் மறைக்கவில்லை. கடைசியில், 'என்னிடம் ஒரு கேள்வியைக் கேட்கவேயில்லை' என்று எழுதி, வெளிநாட்டில் இருந்த கல்லூரிக்கே நேராக அனுப்பிவிட்டாள்.

பதிலுக்கு அவள் காத்திருந்த நாட்களில் மாரி மழை பிடித்தது. வயல்காரர்கள் சவளக்கடைப் பக்கம் வெள்ளம் என்றார்கள். அந்த மழைக்குள்தான் கல்லூரியில் இருந்து செய்தி வந்தது. நடந்ததை விசாரிக்கிறார்களாம். அதற்கிடையில் வேறொருவர் அவளை வீடியோவில் பார்த்துக் கதைப்பார்.

கதைக்கக் குறித்த நாளைக்குப் பார்த்து உள்வீட்டில் பெரியம்மா மக்கள் எல்லாம் கந்தூரிச் சோற்றோடு கூடியிருந்தார்கள். மர்ஷூதா குடையை விரித்துக்கொண்டு கூரையில்லாத வீட்டுக்குள் போனாள். ஒரு கையில் குடை, ஒரு கையில் போன். திரையில் நரைத்த முடியோடு ஒரு பெண் வந்தாள்.

"நீ மழைக்குள்ளா நிற்கிறாய்?"

"இல்லை, டொக்டர். என் வீட்டுக்குள்தான்."

அந்தப் பெண் ஒரு தரம் பார்த்தாள். சிரிக்கவில்லை. "சொல்லு. ஏன் பல் வைத்தியம்?"

பாடமாக்கிய ஆங்கிலம் முழுக்கவும் மறந்துபோனது. மர்ஷூதா உடைந்த ஆங்கிலத்தில் உம்மாவின் கன்னத்தைப் பற்றி, முக்காட்டைப் பற்றி, தானாக விழுந்த பற்களைப் பற்றிச் சொன்னாள். குடை காற்றுக்கு மறுபக்கம் மடங்கியது. நனைந்துகொண்டே சொன்னாள். அந்தப் பெண் இடையில் போனைப் பார்க்கவில்லை, ஒன்றையும் தின்னவில்லை. முடிவில், "உன் தாய்க்கு இப்போது எத்தனை பல் இருக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். மர்ஷூதாவுக்குத் தெரியவில்லை. அவளுக்குக்கூட உம்மா வாயைத் திறந்து காட்டியதில்லை.

இடம் கிடைத்தது. அந்த டொக்டருக்கு என்ன நடந்தது என்று கல்லூரி சொல்லவில்லை. சுஜித்தாவுக்குக் கிடைத்ததா என்று கேட்க இவள் போன் எடுத்தாள், மறுபக்கம் எடுக்கவில்லை.

ஊருக்கு இதொன்றும் தெரியாது. ஊருக்குத் தெரிந்தது, கண்ணீர் விட்ட அந்தப் பெரிய டொக்டர்தான் பிடிவாதமாக நின்று இடம் எடுத்துக் கொடுத்தார் என்பது. ஹாஜறா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் அவருக்காகக் கையேந்தினாள். "அவருக்கு நல்ல சுகத்தக் குடு றப்பே" என்று அவள் கேட்கும்போது பக்கத்துப் பாயில் மர்ஷூதா ஆமீன் சொல்லாமல் இருந்தாள். உம்மா அதைக் கவனிக்கவில்லை.

பயணம் போகிற அன்று ஹாஜறா ஒரு பார்சலைக் கொண்டுவந்து மகளின் பையில் திணித்தாள். தொதல். முதல்நாள் முழுக்கத் தாச்சியின் முன்னால் நின்று தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் மாவும் கிண்டியதில் கை காய்த்திருந்தது.

"அந்த டொக்டருக்கு. எங்கட ஊட்டுத் தொதல் எண்டு சொல்லிக் குடு மகள். மறந்துராத."

மர்ஷூதா வாயைத் திறந்தாள். உம்மாவின் முகத்தில் இருந்த சந்தோசத்தைப் பார்த்தாள். "ஓம் உம்மா" என்றாள்.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வாப்பா வாசலோடு நின்றுவிட்டார். உள்ளே பையைச் சோதித்த பெண் பார்சலை எடுத்து மணந்து பார்த்தாள்.

"தொதலா? யாருக்குக் கொண்டு போறீங்க?"

மர்ஷூதா பார்சலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"எனக்குத்தான்" என்றாள். விமானத்துக்குக் கூப்பிடும்வரை உள்ளே ஒரு கண்ணாடிச் சுவர் ஓரமாக இருந்து, பார்சலைப் பிரித்து, ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டாள். யாராவது கேட்டால் கொடுக்கலாம் என்று பக்கத்துக் கதிரையைப் பார்த்தாள். அதில் யாரும் இருக்கவில்லை.