சொல்லாம கெளம்பிட்டேன்

போன தை மாசம், பாகூர் பக்கம் செலியமேட்டுல ஒரு கண்ணாலம். கரும்பு போடுற பெரிய குடும்பம், மேரு, அதான் ஊரு மேயரு, அவரே வந்து பந்தியில ஒக்காந்தாரு. நான் வில்லியனூர்லேருந்து பரிமாறப் போயிருந்தேன்.

எங்கண்ணன் காய்ச்சல்ல போயி, கருமாதி முடிஞ்சு கொஞ்ச நாள்தான் ஆயிருந்திச்சு. எப்பவும் அவன் சோத்துக் கூடையத் தூக்கினு முன்னால போவான், நான் கொழம்பு வாளியோட பின்னால. அவன் குதிகாலப் பாத்துக்கினே நடந்து பழகிட்டேன். அன்னிக்கு முன்னால வேற ஆளு. அவன் வேகம் எனக்கு ஒத்துவரல. எலைக்கு எலை குனிஞ்சு நிமுந்து இடுப்பு வுட்டுப்போச்சு. மனசும் அப்படித்தான்.

கடைசிப் பந்தி முடிஞ்சிச்சு. வாளியக் கழுவிக் கவுத்துட்டு, துண்டத் தோள்ல போட்டுக்கினு, சாப்புடக்கூடச் செய்யாம தெருவுல எறங்கிட்டேன். யார்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. சாவு வூட்டுலேருந்துதான் அப்படிப் போவாங்க.

பொண்ணோட அம்மா பாத்துட்டு பின்னாலயே வந்தாங்க.

"இன்னாடா, இது எழவு வூடா? போயிட்டு வரேன்னு சொல்ல வாய் வராதா ஒனக்கு?"

சமையக்கார மேஸ்திரியும் ஓடியாந்து, இனிமே எந்தக் கண்ணாலத்துக்கும் ஒன்னக் கூப்புட மாட்டேன்டான்னாரு. அந்தம்மாவுக்கோ, பொண்ணு கழுத்துல தாலி ஏறின அன்னிக்கே இப்படி ஆச்சேன்னு பயம். எனக்கு அழுவ வந்துடிச்சி.

"எப்பவும் எங்கண்ணன்தான் ரெண்டு பேருக்கும் சேத்து சொல்லுவான். இப்ப அவன் இல்லம்மா."

அவங்க கோவம் அப்படியே நின்னுப்போச்சு. எழவு வூட்டுக்காரன உள்ள கூப்புடாதன்னு ஒரு பொம்பள சொன்னா. அந்தம்மா அதக் காதுல போட்டுக்கல. என் கையப் புடிச்சி இட்டுக்கினு போயி, எலை போட்டு, அவங்களே சோறு வெச்சி பாயசம் ஊத்துனாங்க. பரிமாறப் போற எடத்துல எனக்கு யாரும் பரிமாறுனது கெடையாது. அண்ணன் போனதுலேருந்து தொண்டையில எறங்காத சோறு அன்னிக்கு எறங்கிச்சு.

கை கழுவிட்டு வந்து நின்னேன். இப்ப சொல்லுன்னாங்க.

"போயிட்டு வரேம்மா."

"போயிட்டு வாப்பா."

மேஸ்திரியும் கோவத்த வுட்டுட்டு அடுத்த மொகூர்த்தத்துக்கும் கூப்புட்டாரு. அலுப்பும் கொறையல, அண்ணன் நெனப்பும் கொறையல. ஆனா வேல முடிஞ்சா இப்பல்லாம் வாசல்ல நின்னு சொல்லிட்டு, போயிட்டு வான்னு உள்ளேருந்து ஒரு கொரல் வர்ற வரைக்கும் நிக்கிறேன். நான் திரும்பி வரணும்னு சொல்ல எங்கயாவது ஒரு வூடு இருக்கட்டும்னுதான்.