மூன்று நாள் தீட்டும் பத்து கிலோமீட்டரும்

ஐம்பது வயதுக்குள் பத்து கிலோமீட்டர் ஓட வேண்டும் என்று முடிவு செய்தது நான் இல்லை, என் நாத்தனார். என் கணவரின் ஒரே தங்கை. முடியவே முடியாது என்றுதான் நான் சொன்னேன். அவளிடம் முடியாது என்று சொல்லி ஜெயித்த ஆள் எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கிடையாது.

அவளுக்கு ஆடியில் ஐம்பது நிறைந்தது. எனக்குத் தையில் நிறைய வேண்டும். நாங்கள் வாங்கிப் போயிருந்த கேக்கை வெட்டிய கையோடு, விரலில் க்ரீம் அப்பியிருக்க, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பாபநாசத்தில் மார்கழி கடைசி ஞாயிற்றுக்கிழமை ஓட்டப் பந்தயம். யார் வேண்டுமானாலும் ஓடலாம்.

"நான்தான் அம்பதைத் தொட்டுட்டேன். நீங்க தொடறதுக்குள்ள ரெண்டு பேரும் ஓடிடணும் அண்ணி. அப்புறம் முட்டி வலிதான், மாத்திரைதான்."

"எனக்கு இப்பவே முட்டி வலிக்குது."

"அப்ப இதுதான் சரியான நேரம்."

வயதில் அவள் மூத்தவள், முறையில் நான் மூத்தவள். "அதனால யாரும் யாருக்கும் அடங்க வேண்டியதில்ல" என்பாள். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வந்த புதிதில் நான் கொல்லையில் போய் அழுதுகொண்டிருந்தால் தேடிக்கொண்டு வருவாள். சமாதானம் எல்லாம் சொல்ல மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து யாரையாவது கிண்டல் செய்வாள், பெரும்பாலும் தன் அண்ணனை. பிறகு அவளை ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக் கொடுத்தோம். பாலத்தைத் தாண்டினால் அவள் வீடு. அதற்கே நான் ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஆவணியிலிருந்து தினமும் விடிகிற நேரத்தில் பாலத்தில் சந்தித்துக் கரையோடு ஓடினோம். ஓடினோம் என்பது கொஞ்சம் அதிகம். அவள் ரேஷன் கடையில் பில் போடுகிறவள். பத்து கிராமத்துக் கூட்டத்துக்கு மேல் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை. ஓடும்போதும் பேசிக்கொண்டே வருவாள். பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்கக் கத்துகிற எனக்கு ஒரு 'ம்' சொல்லக்கூட மூச்சு இருக்காது. புரட்டாசியில் குறுவை அறுப்பு முடிந்து ரோட்டில் பாதி அகலத்துக்கு நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒருவர் பின்னால் ஒருவர் ஓடினோம். நெல்லைக் கிண்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வாயில் வேப்பங்குச்சியோடு நிமிர்ந்து பார்த்தார்.

"ரெண்டு பேருக்குமா சுகர்?"

எங்கள் பக்கத்தில் டாக்டர் சொல்லாமல் யாரும் காலையில் வேர்க்க மாட்டார்கள். "எனக்கு சுகர் இல்லீங்க, அண்ணிக்குக் கொழுப்பு" என்றாள் இவள். நான் அங்கேயே உட்கார்ந்து சிரித்தேன். அன்றைக்கு ஓட்டம் அதோடு முடிந்தது.

பந்தயத்துக்குப் பெயர் கொடுத்தபோது டி-ஷர்ட் அளவு கேட்டார்கள். எனக்கு எக்ஸ்எல் என்று போட்டுவிட்டுத் தனக்கு எம் என்று போட்டாள். "அதுக்குள்ள இளைச்சுடுவேன்" என்றாள். பாதை வரைபடம் போனில் வந்தது. பாபநாசத்தில் கிளம்பி, கரையோடு போய், பாலம் ஏறி, அவள் தெரு வழியாகவே சுற்றித் திரும்பி வர வேண்டும். சரியாகப் பாதி வழியில் அவள் வீடு. அங்கேதான் சிக்கல் என்று அவளே கண்டுபிடித்தாள்.

"வாசல்ல நின்னேன்னா காப்பி குடிக்க உள்ள போயிடுவேன். உள்ள போனா உக்காந்துடுவேன். உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேன். அதனால அண்ணி, என் வீட்டு வாசல்ல ரெண்டு பேரும் நிக்கக் கூடாது. கைய புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிடுங்க."

சரி என்றேன். கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

ஐப்பசியில் அடைமழை. மழையோடு காய்ச்சல் வந்தது. அவள் ஊரில் பாதிப் பேருக்கு வந்தது, எல்லாரும் எழுந்து நடமாடினார்கள். இவளைத் தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். ரத்தத்தில் என்னவோ குறைந்துகொண்டே போகிறது என்றார்கள். நான் ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நின்று ஜாடையில் ஓடிக் காட்டினேன். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

கட்டிக் கொடுத்த பெண் இறந்தால் கடைசியாக அவள் மேல் போர்த்தும் புடவை பிறந்த வீட்டிலிருந்து போக வேண்டும். பிறந்த வீட்டுக் கோடி. அதை நான்தான் வாங்கப் போனேன். கடையில் இருந்த பையன் வழக்கம்போல, "விசேஷத்துக்குங்களா? புதுசா வந்திருக்கு பாருங்க" என்று ஒன்றன் மேல் ஒன்றாக விரித்துப் போட்டான். கத்தரிப்பூ நிறத்தில் ஒன்று இருந்தது. அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. தோன்றியதும் அந்தக் கடையின் நடுவில், விரித்த புடவைகள் மேலேயே குனிந்து அழுதேன். பையன் பேச்சை நிறுத்திவிட்டு அதை மட்டும் மடித்துக் கொடுத்தான்.

எல்லாம் முடிந்து அவள் வீட்டிலிருந்து கிளம்பினோம். துக்க வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இருபத்தைந்து வருடமாக அந்த வாசலில் நின்று, போயிட்டு வர்றேன், போயிட்டு வர்றேன் என்று பத்துத் தடவை சொல்லிவிட்டு, அதற்கப்புறமும் அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். அன்றைக்குச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு திருடி மாதிரி வந்தேன்.

எங்கள் வீட்டில் மூன்று நாள்தான் தீட்டு. அவளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, அவள் வேறு வீட்டுப் பெண். அந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு விசேஷம் கிடையாது, வாசலில் கோலம் கிடையாது. எங்களுக்கு மூன்று நாள் முடிந்து தலை முழுகினால் சரியாகிவிடும். தீபாவளி கொண்டாடலாம், பொங்கல் வைக்கலாம், கோலம் போடலாம். யார் இந்தக் கணக்கைப் போட்டார்களோ அவர்களுக்கு நாத்தனாரே இருந்திருக்க மாட்டாள் என்று நினைத்தேன். எனக்கு அப்படியொரு கோபம்.

நான் கோலப்பொடியைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். நான் தொடாவிட்டால் என்ன, மாமியார் தொட்டார். செத்தவளைப் பெற்றவர். குனிந்தால் நிமிர முடியாத இடுப்பு. மார்கழி பிறந்ததும் இருட்டோடு எழுந்து, தெளித்து, புள்ளி வைத்து, நடுவில் பூசணிப்பூவும் செருகினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தை, இந்த வருஷம் இது வேணுமா?"

"வழக்கத்தை விடக் கூடாதும்மா. அவ அந்த வீட்டுப் பொண்ணு. நமக்கு மூணு நாளோட சரி" என்றார். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. பெற்ற வயிறு கல்லாகிவிட்டதா என்று நினைத்தேன். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பந்தயத்துக்குப் போவதா வேண்டாமா என்று ஊரே எனக்கு யோசனை சொன்னது. தீட்டு கழிந்ததே, தாராளமாக ஓடு என்றார்கள் சிலர். மழையில் ஓடித்தான் அவள் போனாள் என்றார்கள் சிலர். அவர்கள் வாயை என்னால் அடைக்க முடியவில்லை. எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிந்தது. அவளுக்காக அழ எனக்கு முறைப்படி கிடைத்தது மூன்று நாள். நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்காக வைத்துக்கொண்டது இந்தப் பத்து கிலோமீட்டர் ஒன்றுதான். அதையும் விட்டால் அவளுக்கு நான் யார்?

முதல் நாள் சாயந்திரம் ஷூவை எடுத்து வைத்தபோது மாமியார் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் தெரு வழியாத்தானே போவ?"

"ஆமா அத்தை."

"வாசல் எப்படி இருக்குன்னு பாத்துட்டு வா."

அவ்வளவுதான். அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

காலையில் கணவர் பைக்கில் கொண்டு விட்டார். பத்தடி தூரத்துக்கு மேல் தெரியாத பனி. சம்பா கதிர் எல்லாம் நனைந்து தலை சாய்ந்திருந்தது. நம்பர் கொடுக்கிற மேசையில் இரண்டு உறைகளை எடுத்து வைத்து ஒரு பெண் கேட்டாள்.

"கூட வர்றவங்க எங்கங்க?"

"வந்துக்கிட்டிருக்காங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாய் தானாகச் சொன்னது. எம் அளவு டி-ஷர்ட்டைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்கவில்லை. பொட்டலத்தோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.

கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் பறந்துவிட்டார்கள். கரைக்கு வந்தபோது நான் தனியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். பேசுவதற்கு ஆள் இல்லாததால் மூச்சு மிச்சம் இருந்தது. அந்த மிச்சம் எனக்குப் பிடிக்கவில்லை. கரை முழுக்க அழுதுகொண்டே ஓடினேன். பனியில் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

பாலம் ஏறி இறங்கி அவள் தெருவுக்குள் நுழைந்தேன். ஓடுகிறவர்களுக்காகவே தெருப் பெண்கள் ரோட்டை அடைத்துக் கோலம் போட்டிருந்தார்கள். கலர்ப்பொடி, பூசணிப்பூ, ஒன்றில் 'வாழ்த்துகள்' என்றுகூட எழுதியிருந்தது. மிதிக்காமல் விளிம்போடு தாவித் தாவிப் போனேன். ஒரு இடத்தில் தாவ வேண்டிய அவசியம் இல்லை. வெறும் தரை. கூட்டி, தண்ணீர் தெளித்து, ஈரமாக இருந்தது. வாளி இன்னும் படியோரம் இருந்தது.

நின்றுவிட்டேன். நிற்கக் கூடாது என்று சத்தியம் செய்திருந்தேன்.

அண்ணன், அதாவது அவள் கணவர், கையில் விளக்குமாறோடு தூணோரம் நின்றிருந்தார். எனக்காகத்தான் நின்றிருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினார்.

"நிக்காதம்மா. போ, போ."

"அண்ணே..."

"நின்னா நாயை அவுத்து விடச் சொல்லியிருக்கா. புரட்டாசியிலயே சொல்லிட்டா. அண்ணி என்னை இழுத்துக்கிட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணியிருக்காங்க, ஆனா அவங்களே நின்னுடுவாங்க, அப்ப நீங்க துரத்தி விடணும்னு."

சொல்லும்போதே அவருக்கு உதடு கோணிக்கொண்டு போயிற்று. அந்த நாய், ஜென்மத்தில் யாரையும் துரத்தாத சோம்பேறி, எழுந்து வந்து என் காலை மோந்தது. பிறகு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"போம்மா" என்றார் மறுபடியும்.

"போயிட்டு வர்றேண்ணே" என்றேன். உரக்கவே சொன்னேன், அவள் கடையில் கூப்பிடுகிற மாதிரி. அந்த வீட்டில் அதைச் சொல்லக் கூடாது என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் விளக்குமாறைத் தூணில் சாய்த்தார். பிறகு, "போயிட்டு வா" என்றார்.

மீதிப் பாதியை எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. கடைசி ஆட்களில் ஒருத்தியாக வந்து சேர்ந்தேன். என் கழுத்தில் மெடல் போட்டுவிட்ட பையன் இன்னொன்றையும் நீட்டி, "அவங்களுக்கும் வாங்கிக்கோங்க, வந்தா கொடுத்துடுங்க" என்றான். நம்பர் மேசைப் பெண் சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மெடலைப் பார்க்கவில்லை.

"வாசல் எப்படி இருந்துச்சு?"

"கூட்டித் தெளிச்சிருந்துச்சு அத்தை."

"யாரு தெளிச்சா?"

"அண்ணன்தான்."

"மாப்பிள்ளைக்கு விளக்குமாறு புடிக்கவே தெரியாதே" என்றார். முறத்தைக் கீழே வைத்தார். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார். அதற்கப்புறம் வந்தது நான் அதுவரை கேட்டிராத அழுகை. ஆஸ்பத்திரியிலும் அழாதவர், சுடுகாட்டுக்கு எடுத்தபோதும் மற்றவர்களைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றவர். இவரைப் போய்க் கல் என்று நினைத்துவிட்டேனே. பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. யாரையாவது கிண்டல் செய்ய அவள்தான் வேண்டும்.

மறுநாளும் மார்கழிதான். எழுந்து வந்தபோது வெளிக்கதவு திறந்திருந்தது. மாமியார் படியில் உட்கார்ந்திருந்தார். வாசலைக் கூட்டி, தண்ணீர் தெளித்து விட்டிருந்தார். கோலப்பொடி டப்பா மூடியபடியே மடியில் இருந்தது. எதிர்வீட்டு அம்மா தன் கோலத்திலிருந்து நிமிர்ந்து, "என்னங்க, இன்னிக்குக் கோலம் போடலையா?" என்று கேட்டார்.

"எம் பொண்ணு செத்துப் போயிட்டா" என்றார் மாமியார்.