பிளம்பர் வீட்டுத் தபால்

எந்தச் சுவரில் ஈரம் தெரிந்தாலும் அந்தத் தெருவில் கூப்பிடுவது அவரைத்தான். பிளம்பர் வந்ததும் சுவரைத் தொடமாட்டார். வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்ப்பார், ஏதோ அவரே ராத்திரியில் எழுந்து ஊற்றியதுபோல. "வெளி லைன்ல ஒண்ணுமில்ல சார். கோளாறு எப்பவும் வீட்டுக்குள்ளதான்" என்பார். இருபத்தாறு வருடமாக இந்தத் தீர்ப்பிலிருந்து தப்பித்த வீடு ஒன்றே ஒன்றுதான். அது அவருடையது.

அந்த வீட்டுக்கு வரவேண்டிய ஒரு கடிதம் வரவில்லை.

அவர் மனைவி நூலக உதவியாளர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தார். வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. அடுத்த வருடம் போனால் புத்தகம் எடுக்கத்தான் உள்ளே விடுவார்கள். கூட எழுதிய தோழிக்கு நேர்காணல் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. அலுவலகத்துக்குப் போன் செய்தால், "எல்லாருக்கும் அனுப்பியாச்சும்மா. ஆளுக்கொரு தேதி" என்றது ஒரு குரல்.

"எனக்கு எந்தத் தேதி சார்?"

"அதான் லெட்டர்ல இருக்கே. அதைக் காட்டினாத்தான் கேட்டுக்குள்ள விடுவாங்க."

பிளம்பர் தபால்காரம்மாவின் சைக்கிளை மறித்தார்.

"தங்கச்சி, எங்க வீட்டுத் தபால் எங்கயோ லீக் ஆகுது."

"என் பையில ஓட்டை இல்லண்ணே. வர்றதையெல்லாம் உங்க பீரங்கிக்குள்ள போட்டுட்டுத்தான் போறேன்."

பீரங்கி என்பது வாசல் சுவரில் வாய் பிளந்து நின்ற நாலு அங்குலக் குழாய். மழையில் நனைந்து கேட் வரை போய்த் தபால் எடுக்கும் மனைவிமேல் இரக்கப்பட்டு, எட்டு மாதம் முன்பு அவரே போட்டது. வாசலில் போட்டால் தபால் சரிந்து, சுவரைத் தாண்டி உள்ளே ஒரு வளைவு திரும்பி, கூடத்தில் மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்துக் கூடையில் விழும். வேறு கணவன்மார் புடவை வாங்கித் தருவார்கள். இவர் லைன் போட்டுக் கொடுத்தார்.

கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் தொட்டித் தண்ணீரில் சாயம் கலந்து, எந்தச் சுவரில் நிறம் தெரிகிறது என்று பார்ப்பது தொழில் முறை. பிளம்பர் பத்து போஸ்ட் கார்டு வாங்கினார். தெருமுனைப் பெட்டிக்குச் சிவப்பு, பெரிய தபால் நிலையத்துக்குப் பச்சை, கடிதம் அனுப்பிய அலுவலக வாசல் பெட்டிக்கு நீலம் என்று கலர் அடித்து, தன் வீட்டு விலாசத்துக்கே போட்டுவிட்டு வந்தார். தபால் நிலையத்தில் முத்திரை குத்துகிறவர், ஒரு மனிதர் தனக்குத்தானே வெற்றுக் கார்டு எழுதிக்கொள்வதைப் பார்த்து, வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாராம். தபால்காரம்மா சொன்னார்.

நான்காம் நாளுக்குள் பத்தும் வந்துவிட்டன.

"லைன் சுத்தம்" என்றார் பிளம்பர். "அப்போ தொட்டியிலேயே தண்ணி இல்ல. உனக்கு அவங்க அனுப்பவே இல்ல. நாளைக்குப் போய் ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

மனைவி மெஷினை நிறுத்தினார்.

"ஏங்க, முன்னெல்லாம் தபால் சர்ருனு வந்து பொத்துனு விழும். இப்போ நடுவுல எங்கயோ உரசிட்டு வருது."

"கார்டு புதுசு. அதான்."

"பத்துமேவா உரசும்? உங்க பைப்புக்குள்ள என்னமோ இருக்கு."

"நான் போட்ட லைன்லயா?" பிளம்பர் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவர் எத்தனையோ வீட்டுக்காரர்கள் முகத்தில் பார்த்திருக்கிறார். அது ஞாபகம் வந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

மனைவி போய் ரம்பத்தை எடுத்து வந்து நீட்டினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வளைவை அறுத்துப் பார்த்தால், கார்டுகளுக்கு வழிவிட்டு, மேல்பக்கமாக ஒட்டி வளைந்து கிடந்தது ஒரு நீளக் கவர். மடங்கக்கூடாதென்று அலுவலகத்தார் உள்ளே அட்டை வைத்திருந்தார்கள். அதுதான் திரும்பமுடியாமல் மாட்டிக்கொண்டது. அதற்கும் மேலே மச்சானுடைய மகளின் கல்யாணப் பத்திரிகை. கூப்பிடவில்லை என்று ஆறு மாதமாக அந்த வீட்டோடு பேச்சை நிறுத்தியிருந்தார் பிளம்பர்.

மனைவி கவரைக் கிழித்தார். படித்தார்.

"என்னிக்கு?"

"நாளைக்கு. பத்து மணிக்கு."

"வண்டியில கொண்டு விடறேன்."

"வேணாம். வழியில எங்கயாவது குழாய் ஒழுகினா நின்னுடுவீங்க. நான் பஸ்ல போறேன்."

மறுநாள் பிளம்பர் பின்சீட்டில் உட்கார்ந்து அதே பஸ்ஸில் போனார். மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் டிக்கெட் இரண்டு எடுத்தார்.

அலுவலக வாசலில் காவலாளி கடிதத்தைப் பிரித்தார். அது சுருண்டுகொண்டது. மறுபடி பிரித்தார், மறுபடி சுருண்டது. ஒரு கையால் மேலும் ஒரு கையால் கீழும் பிடித்துக்கொண்டு, "என்னம்மா இது, பாய் மாதிரி சுருட்டிட்டு வந்திருக்கீங்க?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் பிளம்பர் சார்."

காவலாளிக்கு என்ன புரிந்ததோ, பின்னால் நின்ற மனிதரை ஒருமுறை பார்த்தார். தேதியைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். ஒன்பது ஐம்பது.

"சரி, நீங்க போங்கம்மா. இவர் இங்கயே இருக்கட்டும்."