அரங்கசாமி வீட்டு ஏசித் தண்ணீர்

மதுக்கரை சுரேந்தர் ஏசி மாட்டினால் சுவரில் பொட்டு ஈரம் இருக்காது. தண்ணீர்க் குழாய்க்குச் சரிவு பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு கண். ஐடிஐ முடித்துப் பதினான்கு வருடமாக இதே வேலை. யாரையும் எதிர்த்துப் பேசமாட்டான். அதற்காகவே அவனைத் தேடிக் கூப்பிடுவார்கள்.

போன சித்திரையில் சரவணம்பட்டி அரங்கசாமி வீட்டு மாடியறைக்கு ஏசி மாட்டப் போனான்.

"தண்ணியப் பின்னால வாழைக்கு உட்டறலாங்க. எட்டடிப் பைப்பு போதும்."

"வேண்டாங்க. சந்துப் பக்கம் உடுங்க" என்றார் அரங்கசாமி.

சுரேந்தர் ஜன்னலில் எட்டிப் பார்த்தான். கீழே சுவர் நிழலில் பூவாத்தாள் என்ற அம்மாள் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கீழ அயர்ன் வண்டி நிக்குதுங்களே."

"அதுக்குத்தானுங்க. வண்டிய எடுங்கன்னு எத்தனையோ தடவ சொல்லிப் பாத்துட்டேன். நாம எதுக்குங்க சண்டை போட்டுக்கிட்டு? தண்ணி பாத்துக்கும்."

அவர் குரல் உயரவே இல்லை. சுரேந்தர் குழாயைச் சந்துப் பக்கம் திருப்பினான். சோதித்துப் பார்க்க ஒரு பாட்டில் தண்ணீரை ஊற்றினான். மடித்து வைத்திருந்த துணிகள்மேல் அது விழுந்தது.

பூவாத்தாள் அண்ணாந்து, "கண்ணு, தண்ணி ஒழுகுதுங்க, கொஞ்சம் பாருங்க" என்றாள்.

"டெஸ்ட்டுங்க அக்கா. நின்னுபோயிரும்."

நிற்கவில்லை. பூவாத்தாள் குழாய்க்கு நேராக ஒரு வாளி வைத்தாள். அந்தத் தண்ணீரையே துணிக்குத் தெளித்துத் தேய்த்தாள். ஒரே வாரத்தில் அரங்கசாமி மறுபடி கூப்பிட்டார்.

"அந்தம்மா வாளி வெச்சுக்கிச்சுங்க. வண்டி நீளத்துக்கும் சொட்டற மாதிரி பைப்ப நீட்டி ஓட்டை போட்டுருங்க."

பூவாத்தாள் துணி கொடுக்கப் போயிருந்த நேரம். சந்தில் ஏணி போட்டு ஏறினான். ஐந்து ஓட்டை. பழக்கதோஷத்தில் அளவு பிசகாமல் போட்டான். அவ்வளவுதான், சாயங்காலம் அடுத்த வேலைக்குப் போய்விட்டான்.

சொட்டிய தண்ணீரில் தேய்ப்புப் பெட்டியின் கரி அணைந்தது. சாம்பல் கலந்த சொட்டு விழுந்து யாருடைய நிச்சயதார்த்தச் சட்டையோ பாழானது. சட்டைக்காரர்கள் பூவாத்தாளைத் தெருவில் நிறுத்தி வைத்துத் திட்டினார்கள். வேறு சுவரோரம் வண்டியை நிறுத்த யாரும் விடவில்லை. ஆடி பிறக்குமுன் வண்டி நின்ற இடத்தில் அரங்கசாமியின் குரோட்டன்ஸ் செடித் தொட்டிகள் வந்துவிட்டன. "சொன்னதச் சொன்னபடி செய்யுற ஆளுங்க" என்று அரங்கசாமி அவனை அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டுக்குச் சொல்லிவிட்டார்.

கார்த்திகையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கு சர்வீஸ் பார்க்கப் போனான். கீழ்த்தளத்துக் கக்கூஸைக் கழுவிக்கொண்டிருந்தது பூவாத்தாள். அவளைத் தாண்டிப் போக அவனால் முடியவில்லை.

"அக்கா, அந்தப் பைப்புல ஓட்டை போட்டது நாந்தானுங்க."

"தெரியுமுங்க. துணி குடுத்துட்டு வாரப்ப ஏணி மேல உங்களப் பாத்தேன்."

"அன்னைக்கே ஏனுங்க ஒண்ணும் கேக்கல?"

"கேட்டிருந்தா அடைச்சிருப்பீங்களா?"

பூவாத்தாள் பினாயிலை ஊற்றிவிட்டுக் குனிந்து தேய்க்கத் தொடங்கினாள். மேலிருந்து வார்டன் சத்தம் போட்டார். சுரேந்தர் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு படியேறினான்.