துடைப்பம் தடுக்கிய மாப்பிள்ளை

கெண்டக்கி மாநிலத்தில் சணல் பண்ணை வைத்திருந்த ஹோல்கம் கிழவர் வீட்டில் கெசியாதான் சமையல். சம்பளப் பேச்சே கிடையாது, காசு கொடுத்து வாங்கிய ஆள். நாடு முதலில் உடைந்தது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேஜையில்தான் என்பாள் அவள். பன்றிகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு வடக்கே, அடிமை முறை இல்லாத ஊர்களுக்குப் போய் வருகிற பெரிய மகன், "மனுஷனை விக்கறது ஒழியணும்" என்பான். கயிறு விற்கத் தெற்கே போய் வருகிற சின்னவன், "அப்போ சணலை நீயா வெட்டுவே?" என்பான். கடைசியில் பேச்சே நின்றுபோய், "கெசியா, அவனை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்கிற அளவுக்கு வந்தது. வடக்குக்கும் தெற்குக்கும் போர் மூண்டதும் பெரியவன் வடக்குப் படையின் நீலச் சட்டை மாட்டிக்கொண்டு போனான், சின்னவன் தெற்குப் படையின் சாம்பல் சட்டை. கெண்டக்கியோ வடக்கோடும் சேர்ந்துகொண்டது, அடிமைகளையும் விடவில்லை. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! யாரை வைத்துச் சண்டையோ அவள் மட்டும் அடுப்படியிலேயே நின்றாள்.

அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் பக்கத்துப் பண்ணை அடிமை. சனிக்கிழமை மட்டும் வந்து போவான். ஒருநாள் ஓடிப்போய் வடக்குப் படையில் சேர்ந்து விடுதலை வாங்கிவிட்டான். அடுத்த வசந்தத்தில், படைவீரனின் பெண்டாட்டிக்கும் விடுதலை என்று சட்டம் வந்தது. காதில் விழுந்ததுதான் தாமதம், பிசைந்த மாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அவன் இருந்த படை முகாமுக்கு நடையைக் கட்டினாள் கெசியா. கிழவர் வண்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து முகாம் கேப்டனிடம் மல்லுக்கு நின்றார்.

"கல்யாணமா? எந்தப் பாதிரியார் பண்ணி வெச்சார்? இவ எவனுக்கும் பெண்டாட்டி இல்லே, கேப்டன். என் சமையக்காரி!"

அடிமைகளுக்கு ஏது பாதிரியார்? தரையில் துடைப்பத்தைப் போட்டு இருவரும் கைகோத்துத் தாண்டினால் கல்யாணம். தாண்டும்போது தடுக்கியவர் ஆயுசுக்கும் மற்றவர் சொல்லைக் கேட்க வேண்டும்.

கேப்டன் யோசித்தார். "அன்னிக்கு நடந்ததை ரெண்டு பேரும் தனித்தனியா சொல்லுங்க. ஒத்துப்போனா புருஷன் பெண்டாட்டி. இல்லேன்னா நீ அவரோட திரும்பிப் போகணும்."

கெசியா கேப்டனின் கூடாரத்துக்குள் போய் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வாசலில் வந்து நின்றாள். ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டார்கள். வேடிக்கை பார்க்க அவன் சகாக்கள் எல்லாம் கூடாரத்தைச் சுற்றி மொய்த்துவிட்டார்கள்.

"துடைப்பமாங்க? மான் மாதிரி தாண்டினேன்! இவதான் தடுக்கினா."

 பாவி! வீறாப்புப் பேச இதுவா நேரம்? வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று கெசியா சட்டைக் கையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"அந்தம்மா அப்படிச் சொல்லலியே" என்றார் கேப்டன். கிழவர் எழுந்து வந்து கெசியாவின் கையைப் பிடித்தார். "வா, ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரமாச்சு."

ஆம்ப்ரோஸ் அந்தக் கையைப் பார்த்தான். வாசலில் இளித்துக்கொண்டிருந்த சகாக்களைப் பார்த்தான். 

"விழுந்தேங்க!" என்று கத்தினான். "நான்தான் குப்புற விழுந்தேன். முன்பல்லு அப்போ போனதுதான். கழுதை உதைச்சிதுன்னு இவனுங்ககிட்ட புளுகினேன். இவ விழுந்து விழுந்து சிரிச்சிட்டு, தலையில கட்டியிருந்த மஞ்சத் துணியை அவுத்து என் வாயில அமுக்கினா."

"மஞ்சத் துணி" என்று தலையாட்டினார் கேப்டன். "அதையேதான் அந்தம்மாவும் சொன்னாங்க. கையை விடுங்க பெரியவரே."

முகாமே ஊளையிட்டுச் சிரித்தது. "டேய் கழுதை!" என்று ஒருவன் கத்தினான். கெசியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

கிழவர் அவள் கையை விட்டார். "எனக்கு யாருடி இனி சோறாக்குவா?"

"மாவு பிசைஞ்சு வெச்சிருக்கேன் ஐயா. அடுப்பு மட்டும் நீங்க மூட்டிக்கணும்" என்றாள் கெசியா. பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். "நீ என்ன பார்க்கறே? தடுக்கினவன்தானே? போய்த் தட்டுல சோறு போட்டுக் கொண்டா. நான் உக்காந்து சாப்பிடணும்."